அந்தாண்ட மாமா

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையைப் போட்டாள். ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நானும்தான். அவள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க எங்கள் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளம் என் கண்ணிலேயே நின்றது. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயசில் ஒரு தாம்பாளத்தை நினைத்து உருகுகிறாளே என்று சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்தக் காலத்தில் பத்திரிகையை யாரும் கொடுக்க மாட்டார்கள், வைப்பார்கள். "எல்லாருக்கும் பத்திரிகை வெச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வைப்பது என்றால் சும்மா இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக ஜோடியாகப் போக வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, அதன் மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. உட்கார வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும். அவர்கள் தருகிற எதையாவது குடிக்க வேண்டும், குறைந்தது ஒரு வாய்த் தண்ணீர். குடிக்காமல் எழுந்தால் பத்திரிகை வைத்ததாகக் கணக்கில்லை. இதில் எங்கேயாவது பிசகினால் அடுத்த தலைமுறை வரை பேச்சுவார்த்தை இருக்காது.

எங்கள் வீட்டில் பிசகியது. பிசகியவர் அப்பா.

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வருஷம் அது. எனக்கு விவரம் தெரியாத வயசு. பொங்கல் சமயம், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஊருக்குப் போகிற கூட்டம் அலைமோதுகிறது. ஆபீசிலிருந்து ஸ்கூட்டரில் வந்த அப்பா அந்தக் கூட்டத்தில் மாமாவைப் பார்த்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். அப்பாவின் பையில் கிரகப்பிரவேசப் பத்திரிகைகள் இருந்தன. கையோடு இருக்கும்போது கொடுத்துவிடுவோமே என்று, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியில் இருந்தபடியே எடுத்து நீட்டிவிட்டார். மாமா வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

போனவர் போனவர்தான். கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. அப்புறம் அக்கா பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர், அதற்கும் வரவில்லை. அவருடைய மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையே இல்லை. "ரோட்ல வெச்சுக் குடுத்தாங்க. வண்டிய வுட்டு எறங்கல, என் வூட்ல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல" என்று யாரிடமோ சொன்னதாகச் செய்தி வந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் அதை நம்பவில்லை. "அதெல்லாம் சாக்கு, அவன் பொண்டாட்டிதான் ஏத்திவிடுறா" என்று ஒரே குரலில் தீர்ப்பு எழுதினார்கள். அத்தையை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் நானும் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், "பஸ் வந்துடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்பார்.

நாம் ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்காவுக்கும் எனக்கும் வயசு வித்தியாசம் அதிகம், தெரியும் உங்களுக்கு. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்தபோது அவளை என் அம்மா என்று நினைத்து நமஸ்காரம் சொன்ன டீச்சரை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெண்ணை மணையில் உட்கார்த்த வேண்டும். அம்மா கூடத்தில் நின்று அறிவித்தாள்.

"என் அண்ணன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டு வராம என் பொண்ணு மணை ஏற மாட்டா."

"அப்ப எனக்குக் கல்யாணமே வேணாம்னு எழுதிக் குடுத்துடட்டுமா?" என்றாள் அக்கா.

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "போலாம். ஜோடியாவே போலாம். இந்தத் தடவை அவர் வூட்டுக் கெணத்தையே குடிச்சுட்டு வரேன்."

கல்யாணப் பெண் பத்திரிகை வைக்க வரக் கூடாது. என்னை விட்டுவிட்டுப் போனால் நானும் அக்காவும் அடித்துக்கொள்வோம். ஆகவே நானும் கிளம்பினேன். வாடகைக்கு ஒரு ஆம்னி வேன், அதை ஓட்டினவர் தாம்பரம் ஸ்டாண்டில் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற மனிதர். என் மடியில் தாம்பாளம். நீங்களெல்லாம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்து பெருமை அடித்துக்கொண்டீர்களே, அந்த மே மாதம் நான் எங்கே போனேன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் பத்திரிகை திருநீர்மலைப் பெருமாளுக்கு. படியேறி வைத்துவிட்டு இறங்கும்போது, "இவர் வூட்லயும் தண்ணி குடிச்சாத்தான் கணக்கா?" என்று அப்பா கேட்டார். அம்மா முறைத்தாள், அப்புறம் தீர்த்தம் குடித்தோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்து மண்ணிவாக்கம், ஆதனூர். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற அடையாறு அந்தப் பக்கம் ஏரியிலிருந்து வழிகிற சின்ன வாய்க்கால் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீருக்குள் கூழாங்கல் தெரிந்தது. ஒரு கொக்கு எங்களைக் கண்டுகொள்ளாமல் நின்றது. இதுவா அது என்று நான் கேட்க, "சின்ன வயசுல எல்லாரும் அழகாத்தான் இருப்பாங்க" என்றார் அப்பா.

போன வீட்டிலெல்லாம் குடித்தோம். ஒரு வீட்டில் கலர் சோடா, ஒரு வீட்டில் மோர், அடுத்ததில் பால் காபி, அதற்கடுத்ததில் பானகம். அப்பா எதையும் மறுக்கவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தார். வேன் குலுங்கும்போது எங்கள் மூன்று பேர் வயிற்றிலிருந்தும் சத்தம் கேட்டது. "இன்னா சார், வண்டிக்கு ஒரு தடவதான் பெட்ரோல் போட்டேன், உங்களுக்கு ஊருக்கு ஒரு தடவ போடறாங்களே" என்றார் பாய். அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததால் அவர் நிலைமையும் அதேதான். கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் பழமும் பூவும் வாங்க நிறுத்தியபோது நாங்கள் மூன்று பேரும் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்று.

செங்கல்பட்டு தாண்டி, காஞ்சிபுரம் போகிற சாலையில் திரும்பியதும் காற்றே மாறியது. இடது பக்கம் மரங்களுக்கு நடுவில் விட்டு விட்டுப் பாலாறு. தண்ணீர் கிடையாது, மணல்தான். ஆனால் எப்பேர்ப்பட்ட மணல்! ஊருக்கு ஊர் வீடு வீடாக நின்று நின்று போனோம். பாலூர் கேட்டில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது ஒரு அம்மாள் வேன் ஜன்னல் வழியாக வேகவைத்த வேர்க்கடலையை என் பாவாடையில் கொட்டிவிட்டு, காசு வாங்க மறந்து அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். பாய் இறங்கி ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இன்னொரு ஊரில் தாம்பாளத்தைக் கீழே வைத்த நிமிஷத்தில் ஆடு வந்து வெற்றிலையைத் தின்றுவிட்டது. "ஆட்டுக்கும் வெச்சாச்சு" என்று அப்பா கும்பிட்டார். அம்மா எதற்குமே சரியாகச் சிரிக்கவில்லை. அவள் மனசெல்லாம் கடைசி வீட்டில் இருந்தது.

மாமா பழைய வீட்டை விட்டு வேறு ஊரில் புது வீடு கட்டிப் போயிருந்தார். வழி சொன்னவர் அம்மாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா. ஆற்றின் தென்கரையில் இருந்த அவர், முதல் நாள் போனில் சொன்னது இதுதான்: "ஆத்துக்கு அந்தாண்ட. புள்ளையார் கோயில் எதிர்ல, பச்சை கேட்டு. வாசல்ல டிராக்டர் நிக்கும்."

நாங்கள் வடகரையில் ஒரு டீக்கடை வாசலில் வேனை நிறுத்தினோம். அப்பா ஆற்றைப் பார்த்தார். "அந்தாண்டன்னா அக்கரை" என்றார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாட்டுவண்டித் தடம் ஒன்று மணலில் இறங்கிப் போனது. அதில் வேனை விடலாமா என்று அப்பா கேட்டதற்கு, "சார், இது வண்டி. ஒட்டகம் இல்ல" என்றுவிட்டார் பாய்.

நடந்தோம். தாம்பாளம் என் தலையில், பழப்பை பாயின் தோளில். செருப்புக்குள் மணல் புகுந்து சுட்டது, கழற்றினால் இன்னும் சுட்டது. நாணல் நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் ஓடிப்போய் நின்றோம். நடு ஆற்றில் பெண்கள் ஊற்று தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தார்கள். சில்லென்று, கொஞ்சம் இனிப்பாக. அந்த நாளில் குடித்த அத்தனையும் மறந்துவிட்டது, அந்த ருசி மறக்கவில்லை. இன்றைக்கு அந்த மணலே இல்லை என்கிறார்கள். லாரி லாரியாக நம் பக்கத்து அடுக்குமாடிகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கரையில் ஊர் இருந்தது. பிள்ளையார் கோயில் இருந்தது. எதிரில் பச்சை கேட். வாசலில் டிராக்டர். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது.

கதவைத் திறந்தது ஒரு இளம்பெண். புதுத்தாலி இன்னும் மஞ்சள் வெளுக்கவில்லை. எங்களைக் கூப்பிடாத கல்யாணத்து மருமகள் இவள்தான் என்று அம்மா கண்ணாலேயே முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணன் இல்லியா கண்ணு?"

"மாமா கழனிக்குப் போய்க்கீறாருங்க. அத்தை செங்கல்பட்டுக்குப் போச்சு. உள்ள வாங்க, உக்காருங்க."

இங்கேதான் நீங்கள் கேட்பீர்கள், பேரைக் கேட்கக் கூடாதா என்று. யார் கேட்பது? அண்ணன் பேரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். மச்சான் பேரைச் சொல்லிக் கேட்டு இன்னொரு தடவை பிசக அப்பா தயாராக இல்லை. மாமனார் பேரை அந்தப் பெண் சொல்லவே கூடாது. வந்திருப்பது யார் என்று அவள் கேட்டால் "எங்களைத் தெரியலியா உனக்கு" என்று வரும், புது மருமகளுக்கு அதைவிட வேறு அவமானம் வேண்டாம். நீ யார் வீட்டு மருமகள் என்று நாங்கள் கேட்டால் பழைய சண்டை கிளறும். ஆக எல்லாரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டோம். கரண்ட் வேறு இல்லை. இருட்டில் மாலை போட்ட படம் ஒன்று சுவரில் தொங்கியது. "அண்ணியோட அப்பா. கடைசில எப்படி எளைச்சுட்டார் பாரு" என்று அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

அப்பா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இன்னொரு சொம்பு" என்றார். அந்தப் பெண் மிரண்டு போனாள். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அடுப்பு மூட்டினாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை டம்ளருக்குப் பிறகும் அப்பா மூன்றாவது தடவை சோறு கேட்டார். முழுசாகச் சாப்பிட்டு, கை கழுவி, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தை இறக்கி வைத்தோம்.

அம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, உங்க மாமாகிட்ட சொல்லு. அவர் தங்கச்சி வந்தா, வூட்டுக்குள்ள வந்து, சோறு தின்னுட்டுப் போனான்னு சொல்லு. அன்னிக்கு நடந்தது தப்பு. அவர் இல்லாம என் பொண்ணு மணை ஏற மாட்டா." சொல்லும்போதே உடைந்து அழுதாள். அழுவது யார் என்றே தெரியாத அந்தப் பெண்ணும் சேர்ந்து அழுதாள். "கண்டிப்பா மாமாவ இட்டாறேங்க" என்று சத்தியம் செய்தாள். கிளம்பும்போது ஒரு பை நிறைய நுங்கு கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஜன்னலில் தலை சாய்த்துப் பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பந்தக்கால் நட்டு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தபோது போன் அடித்தது. அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, உங்க அண்ணன் பேசறேன்."

"அண்ணா!" என்று கத்தினாள் அம்மா. அதற்குமேல் அழுகைதான். வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் ரிசீவருக்குள் அழுதாள். அந்தப் பக்கம் இருந்தவர் பாவம், குறுக்கே பேசாமல் முழுசாக அழ விட்டார். குரல் வித்தியாசம் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது போலும். சட்டென்று நிறுத்தினாள். அப்பா ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"நான் உங்க அண்ணன் இல்லம்மா. ஆத்துக்கு இந்தாண்டகீற ஆளு. நீங்க வெச்சது என் வூட்ல. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடயாது. மருமவ வந்து, 'மாமா, உங்க தங்கச்சி வந்து அழுதுட்டுப் போச்சு'ன்னா. அன்னிக்கே போன் பண்ணிருக்கணும். சொல்லிட்டா கெடச்ச தங்கச்சி போயிடுமேன்னு இருந்துச்சி. அதான் நாள தள்ளிட்டேன். மன்னிச்சிக்கோம்மா."

தென்கரையிலிருந்து வழி சொன்ன சித்தப்பாவுக்கு அந்தாண்ட என்பது வடகரையில் நின்ற எங்களுக்கு இந்தாண்ட என்று கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. மாமாவின் வீடு வடகரையில், நாங்கள் வேனை நிறுத்திய டீக்கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது.

"நான் இப்பவே போறேன்" என்று அப்பா சட்டையை எடுத்தார்.

"ஒத்தையாப் போய் வெச்சா அதுக்கு ஒரு கோவம் வரும். பந்தக்கால் நட்டாச்சு, நான் ஊர் தாண்டக் கூடாது" என்று அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

போனிலிருந்து குரல் வந்தது. "உங்க அண்ணன் வூடு எங்க, சொல்லும்மா. நான் போய்ப் பாக்கறேன்."

போய்ப் பார்த்தார். அங்கே நடந்ததை அத்தை பிற்பாடு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். அவர் எங்கள் தாம்பாளப் பத்திரிகையை மாமாவின் வாசலில் நின்று காட்டி, "உன் தங்கச்சி இத எனக்கு வெச்சிட்டுப் போய்க்கீது. என்னைத்தான் அண்ணன்னு கூப்ட்டு அழுவுது. நீ போறியா, இல்ல நான் போவட்டுமா?" என்று கேட்டாராம். மாமா திரும்பி உள்ளே போய்விட்டாராம்.

முகூர்த்த நாள் காலை, முடிச்சூர் ரோட்டில் மண்டபம். அக்கா அலங்காரம் முடிந்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருக்கிறார். ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பார்க்கிறார்கள். அம்மா வாசலை மட்டும் பார்க்கிறாள். அப்போது ஒரு டிராக்டர் வந்து நின்றது. வேர்வை ஊறின வெள்ளைச் சட்டை, கையில் மாலைப் பொட்டலம், பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு அந்த மருமகள். போனில் பேசினவர் இறங்கி நேராக அம்மாவிடம் வந்தார்.

"ஆள இட்டாந்துகீறேன். உள்ள வர மாட்டேங்கறாரு. பத்திரிகை வெக்கலியாம்."

ரோட்டோரத்தில், பஸ்ஸும் லாரியும் போகிற தூசியில், கைகட்டி நின்றுகொண்டிருந்தார் மாமா. பக்கத்தில் அத்தை. எங்கள் சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதின அந்த அத்தை, மார்போடு ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண் கலங்க நின்றாள். அந்தப் பையில் இருந்தது கிளிப்பச்சைப் பட்டுப்பாவாடை. அக்கா பெரியவளானபோது எடுத்து வைத்து, கொண்டுவர முடியாமல் பெட்டியில் பூட்டிக்கிடந்தது. அக்காவுக்கு அது இனி எங்கே பற்றும்? அன்றைக்கு எனக்குத்தான் கட்டிவிட்டாள், அளவெடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு அவளைத் திட்டிக்கொண்டிருந்த வருஷமெல்லாம் அவள் எங்களுக்காக ஒரு பாவாடையைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா என் கையிலிருந்த வெற்றிலைபாக்குத் தாம்பாளத்தைப் பிடுங்கி, மிச்சமிருந்த பத்திரிகை ஒன்றை அதில் வைத்தாள். அப்பாவின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினாள். ஜோடியாக நின்று இரண்டு பேரும் தாம்பாளத்தை நீட்டினார்கள்.

மாமா பார்த்தார். "மறுபடியும் ரோட்லயேவா வெக்கறீங்க?"

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மாமாவின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு வாட்டர் பாக்கெட் வாங்கி அப்பாவிடம் நீட்டினார்.

"குடிங்க மாப்ள. நான் நிக்கிற எடம்தான் என் வூடு."

பட்டு வேஷ்டி கட்டின எங்கள் அப்பா, பெண்ணைப் பெற்றவர், நடுரோட்டில் நின்று வாட்டர் பாக்கெட்டின் மூலையைக் கடித்துக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் குடித்தார். கொஞ்சம் அங்கவஸ்திரத்தில் சிந்தியது. "இன்னொன்னு குடுங்க மச்சான்" என்றார். அத்தைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

எல்லாரும் உள்ளே ஓடினோம். டிராக்டரை ஓட்டி வந்தவர் மட்டும் தன் மாலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல், தூணோரம் மருமகளோடு ஒதுங்கி நின்றுகொண்டார். வந்த வேலை முடிந்தது என்கிற மாதிரி முகம். மேடையிலிருந்து ஐயர், "தாய்மாமன் வரலாம்" என்று குரல் கொடுத்தார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்து, "அண்ணா!" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அம்மா இரண்டு பேரையும் வரச்சொல்லிக் கையை ஆட்டினாள்.